குண்டு விழுந்த கிராமங்கள்

"ஊர் கெட்டுப் போய்விட்டது" என்று சொல்லாத பெரியவரையும், "ஊர் முன்னேறிவிட்டது" என்று முழங்காத அரசியல் மேடையையும் நாம் இதுவரை கண்டதில்லை. இருவர் சொல்வதிலும் கொஞ்சம் வாஸ்தவம் இருக்கிறது. தகராறு தீராமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

சென்ற மாதம் இந்தத் தகராற்றை நம் வகுப்பறையிலேயே நாம் கிளப்பிவிட்டோம். "நம் ஊர் வளர்ந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா?" என்று கரும்பலகையில் எழுதி, ஒரு பக்கத்துக்குக் குறையாமல் கட்டுரை எழுதும்படி கடலூர்ப் பிள்ளைகளிடம் சொன்னோம்.

ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். 1866-ஆம் ஆண்டில் நகராட்சியாக இருந்த ஊர் 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆகிவிட்டது, கடைகள் பெருகிவிட்டன, அகலமான சாலைகள் வந்துவிட்டன, ஆகவே ஊர் வளர்ந்திருக்கிறது என்பது அவன் கட்சி. இன்னொருவன், தன் பாட்டனார் சொல்லக் கேட்டதை அப்படியே இறக்கியிருந்தான். கிணற்றில் கை எட்டும் ஆழத்தில் தண்ணீர், திண்ணையில் உறக்கம், தெருவுக்குத் தெரு மரம், எல்லாம் போய்விட்டன, ஆகவே ஊர் வீங்கியிருக்கிறது என்பது அவன் தீர்ப்பு. இருவருக்கும் நல்ல மதிப்பெண் போட்டோம்.

உப்பனாற்றங்கரையிலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் மூன்றே வாக்கியங்கள் எழுதியிருந்தாள். "கடலூர் வளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை."

நாம் சிவப்பு மையில் "விடை போதாது" என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டுவிட்டு அடுத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை தேவனாம்பட்டினத்துக் கடற்கரைப் பக்கம் உலாவப் போனோம். கெடிலம் கடலை நெருங்கும் அந்த இடத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைந்த மிச்சம் கிடக்கிறது. அதைப் பார்த்தவுடன் ஒரு பழைய சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது.

1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்பொழுது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் ஏற்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம்! பெரிய பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களும், கடலூர்ப் பழைய பட்டணமும் அன்றே கம்பெனியின் வசமாயின. அந்தக் கிராமங்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று.

காலையில் கஞ்சி குடித்துவிட்டு வயலுக்குப் போன குடியானவன், மாலையில் வேறொரு ராஜாங்கத்தின் பிரஜையாக வீடு திரும்பியிருக்கிறான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நமக்குத் திடுக்கிட்டது. இதே வார்த்தைகளைச் சற்று முன்புதான் சிவப்பு மையால் அடித்துவிட்டு வந்திருந்தோம்!

கோட்டையின் கதி பின்னால் என்னவாயிற்று? 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமே இங்கேதான் வந்தது. 1758-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். குண்டு போட்டவர்களின் கோட்டை போய்விட்டது. குண்டு விழுந்த கிராமங்கள் மட்டும் இருக்கின்றன. ஒரு மாறுதல் நன்மையா தீமையா என்று அறிய வேண்டுமானால், அது புறப்பட்ட இடத்தில் நின்று பார்ப்பதைவிட, போய் விழுந்த இடத்தில் நின்று பார்ப்பதே சரி என்று நமக்குத் தோன்றியது.

அந்த இடத்தில் நின்று, முதலில் பாட்டனாரின் பொற்காலத்தைப் பார்ப்போம். இதற்குக் கடலூரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சிதம்பரத்துக்குப் போகவேண்டும். கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகளும் அழகாக அமைந்த க்ஷேத்திரம் அது. பழைய சிதம்பரத்தின் அமைதியைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்த அமைதி யாருக்கு? நந்தனார் தில்லைக்குள் நுழைவதற்குத் தீயில் மூழ்கி எழவேண்டியிருந்தது என்று புராணம் சொல்கிறது. புராண காலம் மட்டும் அல்ல. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவுகள் சட்டப்படி திறப்பதற்கு 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்துத் திண்ணையின் குளிர்ச்சியைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் விசாரித்தால் போதுமா? தெருவிலேயே நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்களையும் அல்லவா விசாரிக்கவேண்டும்?

1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். எழுத்து வாசனையே மறுக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஏற்பட்ட பள்ளிக்கூடம் அது. காந்தியடிகள் 1927-இல் சிதம்பரத்துக்கு வந்தபோது நந்தனாரின் பெருமையை எடுத்துப் பேசினார். அண்ணாமலை செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அதற்குப் பிறகு சிதம்பரத்தின் வயல்வெளிகளுக்கு நடுவில் பட்டங்கள் விளைந்தன. சிதம்பரம் மாறியது வாஸ்தவம். கூட்டமும் சந்தடியும் பெருகியது வாஸ்தவம். ஆயினும் கடைசி வரிசையில் நின்றவனின் பேரப்பிள்ளைகள் கல்லூரிப் படியேறினார்கள் என்றால், அந்தச் சந்தடியை நாம் மனமுவந்து பொறுத்துக்கொள்வோம்.

கடலூரின் பொற்காலத்திலும் சிறைச்சாலை ஒன்று இருந்தது. 1918-ஆம் ஆண்டு நவம்பரில், புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியாரைக் கைது செய்து அடைத்தது கடலூரில்தான். இந்த ஊரிலே பிறந்த அஞ்சலை அம்மாள் 1927-இல் நீல் சிலைச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை புகுந்தார். போனதெல்லாம் பொன் என்று சொல்கிறவர்கள், அந்தப் பொன்னில் பூட்டிய விலங்கையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சரி, பாட்டனார் கட்சி தோற்றது. மாநகராட்சிக் கட்சி ஜெயித்தது என்று பையன் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவனையும் குண்டு விழுந்த இடத்துக்கு அழைத்துப் போவோம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக 1956-இல் அரசாங்கக் கம்பெனி ஏற்பட்டது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் விளக்கு எரிவதற்கு அந்தச் சுரங்கம் காரணம். அதன் பொருட்டுப் பல கிராமத்தார் வீட்டையும் வயலையும் விட்டு எழுந்து போனார்கள். சுரங்கத்தில் நீர் பொங்காமலிருக்க, பூமிக்கு அடியிலுள்ள நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும். சோழர் வெட்டிய வீராணம் ஏரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி வயல்களுக்குத் தாய் போன்றது. 2004-ஆம் ஆண்டிலிருந்து அதன் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே ஓடிச் சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது. விளக்கு எரியக்கூடாது என்றோ, சென்னை மக்கள் தண்ணீர் குடிக்கக்கூடாது என்றோ நாம் சொல்லவில்லை. பட்டணம் குழாயைத் திறக்கும்பொழுது, மறுமுனையில் ஒரு வயல் இருக்கிறது என்ற ஞாபகம் மட்டும் வேண்டும்.

கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மருந்தும் சாயமும் ரசாயனப் பொருள்களும் அங்கே உற்பத்தியாயின. பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது. ஆனால் ஆற்றங்கரைக் கிராமத்தார் நெடுங்காலமாகக் காற்றின் நெடியைக் குறித்தும், நீரின் நிறத்தைக் குறித்தும் முறையிட்டு வந்தார்கள். முறையிட்டுப் பயனில்லை என்று கண்டபோது, அவர்கள் செய்த காரியம் அற்புதமானது. 2004-ஆம் ஆண்டில் கிராமத்தவர் சிலர் தாமே பயிற்சி பெற்று, எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நாற்றம் வீசியது என்று குறித்துவைத்தார்கள். வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதில் நச்சுப் பொருள்கள் இருந்தன என்பது வெளியாயிற்று. விஞ்ஞானப் பட்டம் பெறாதவர்கள் விஞ்ஞான முறைப்படி தங்கள் வழக்கை நிரூபித்தார்கள்!

இந்த ஜில்லாவே ஒருவகையில் தமிழ்நாட்டின் கடைசி வீடு என்று சொல்லலாம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இங்கேதான் கடலில் கலக்கின்றன. மேட்டு ஊர்கள் தங்கள் ஏரிகளைத் தூர்த்தால் வெள்ளம் இங்கே வந்து நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு நவம்பரில் அதைக் கண்கூடாகக் கண்டோம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது தேவனாம்பட்டினம் முதலிய குப்பங்கள் அழிந்தன. அன்று சதுப்புநிலக் காடுகளின் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு என்பதைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னை மரங்களை யாரும் அபிவிருத்தித் திட்டம் என்று அழைத்ததில்லை. ஆனாலும் அவை செய்த காப்பு பெரிது.

ஆகவே, ஊர் மாறுவது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆனால் விடையைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். சிதம்பரத்திலே கடைசியில் நின்றவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தான், அது வளர்ச்சி. உப்பனாற்றங்கரையிலே மக்களைக் கேளாமல் காரியம் நடந்தது; அது வீக்கம். வீக்கமும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புஷ்டியாகத்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் வலி தெரியும்.

1690-இல் குண்டுக் கிராமத்துக் குடியானவன் கேட்பதற்குச் சபை இல்லை. இன்றைக்கு நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கிராமங்களுக்குக் கிராம சபை உண்டு. நகரங்களில் பகுதி சபை கூட்டுவதற்கு 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் விதிகளை வகுத்தது. படித்த குடும்பத்தார் பலர் இந்தச் சபைகளின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். நாமும் அவர்களில் ஒருவராகவே இருந்திருக்கிறோம். சாலை குறுகலாக இருக்கிறது, சாக்கடை நாறுகிறது என்று திண்ணையில் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்கை அந்தச் சபையில் பேசலாம். போகும்போது, சாக்கடை போய் முடிகிற தெருவில் குடியிருப்பவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போனால், விஷயம் இன்னும் தெளிவாக விளங்கும்.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுமியின் நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கினோம். "விடை போதாது" என்பதை அடித்துவிட்டு, மூன்றையும் திருத்தினோம். குழந்தை பயந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது சரியாகிவிட்டதா, சார்?" என்று கேட்டாள்.

"முதலிலேயே சரியாகத்தான் இருந்தது, அம்மா. திருத்தியவர்தான் தப்பாகத் திருத்திவிட்டார்" என்றோம்.