மரக்கால் யார் கையில்?

நூறு நகரங்களை “ஸ்மார்ட் சிட்டி” ஆக்கப் போவதாக மோடி சர்க்கார் 2015 ஜூன் 25 அன்று தண்டோரா போட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை உட்பட பதினோரு நகரங்கள் பொறுக்கப்பட்டன. ஓசூருக்கு அதில் இடமில்லை. கல்லாவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025 மார்ச் 31-ல் திட்டம் முடிந்தது. ஆனால் அதன் கருவிகள் ஓயவில்லை. வெவ்வேறு பெயரில் நம் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

விஷயத்தில் மாயம் ஒன்றுமில்லை. தண்ணீர், மின்சாரம், புகை, ஆள் நடமாட்டம் இவற்றை ஒரு சிறு கருவி அளக்கிறது. அளந்ததை எங்கோ இருக்கும் கணக்கறைக்குக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் நம் பிள்ளைகள் பூட்டி அனுப்பும் மின்சார ஸ்கூட்டரும் இந்த இனம்தான். வண்டி வாங்கியவன் வீட்டில் நிற்கும். அதன் பாட்டரிக் கணக்கு கம்பெனிக்குப் போகும்.

விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்ல. தஞ்சைச் சீமையில் மிராசுதார் இரண்டு மரக்கால் வைத்திருந்தான். நெல்லை வாங்கப் பெரியது, கூலி அளக்கச் சிறியது! 1940-களில் தோழர் பி. சீனிவாச ராவ் தலைமையில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் கள்ள மரக்காலை ஒழிக்கவும் முத்திரை மரக்காலால் அளக்கவும் போராடினார்கள். மரக்காலே வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அளக்காமல் கூலி ஏது?

இன்றைய கள்ள மரக்காலைப் பாருங்கள். நூறு நாள் வேலையில் தினம் இருமுறை போட்டோ எடுத்துச் செல்போன் வழியே ஏற்ற வேண்டுமென்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். வெயிலில் மண் சுமந்தவளின் கூலி, டவர் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் போனது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். கருவியை மட்டும் விடவில்லை. சண்டீகரிலும் நாகபுரியிலும் துப்புரவுத் தொழிலாளர் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். எந்தத் தெருவில் எத்தனை நிமிஷம் நின்றார் என்று அதிகாரிக்குத் தெரிந்தது. கையுறை கிடைத்ததா என்று காட்ட அந்தக் கடிகாரத்தில் முள் இல்லை.

மின்சார மீட்டரின் கதை என்ன? நாடெங்கும் 25 கோடி ப்ரீபெய்டு மீட்டர் மாட்ட 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் திட்டம் தீட்டியது. காசு தீர்ந்தால் லைன்மேன் வர வேண்டியதில்லை, எங்கோ இருந்தபடியே விளக்கை அணைத்துவிடலாம். இங்கே அதானி கம்பெனி முதலிடத்தில் நின்ற டெண்டரை, விலை அதிகமென்று 2024 டிசம்பரில் மாநில சர்க்காரே ரத்து செய்ய நேர்ந்தது.

உழைப்பாளியை இத்தனை நுணுக்கமாக அளப்பவர்கள் ஆற்றை எப்படி அளக்கிறார்கள்? பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாய் நுரை தள்ளுவதை ஓசூர் ஜனங்கள் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணை தாண்டி அனுமந்தீர்த்தத்துக்கு வருகிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகளின் கழிவுக் குழாயில் இடைவிடாது அளக்கும் கருவி வைக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-லேயே உத்தரவிட்டது. அந்த அளவு பொதுஜனங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2017 பிப்ரவரியில் கூறியது. ஆற்றங்கரையில் துணி துவைக்கும் தாய்க்கு இன்று அந்த எண் தெரியுமா?

கணக்கை உழைப்பாளி பக்கம் திருப்ப முடியும். சிலி நாட்டில் அலெண்டே சர்க்கார் 1971-ல் ஆலைகளை டெலக்ஸ் யந்திரங்களால் இணைக்கும் வேலையைத் தொடங்கியது. கோளாறு தெரிந்தால் எச்சரிக்கை முதலில் அந்த ஆலைக்கே போக வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் மேலே போக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் போக்குவரத்தை முடக்கியபோது, மிஞ்சிய லாரிகளைக் கொண்டு சரக்கைச் சேர்க்க அந்த டெலக்ஸ் பேருதவி செய்தது. 1973 செப்டம்பர் 11-ல் நடந்த ராணுவக் கலகம் சர்க்காரோடு அதையும் அழித்தது. நம் காலத்திலேயே ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில், ஒரு சதுக்கத்துவாசிகள் இராத்திரி இரைச்சலைத் தாங்களே கருவி வைத்து அளந்து, அந்தக் கணக்கோடு நகரசபையிடம் போய் நின்றார்கள். பக்கத்துக் கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் 2023 ஜூன் 5-ல் தொடங்கிய கே-போன் வலைப்பின்னல் அரசின் சொத்து.

நமக்கும் முத்திரை மரக்கால் வேண்டும். வருகைக் கணக்கின் நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். கருவி பழுதானால் மேஸ்திரியின் நோட்டுக் கணக்குக்கே கூலி தர வேண்டும். சங்கத்தைக் கேட்காமல் ஆலைக்குள் ஆளை அளக்கும் எந்தக் கருவியும் வரக் கூடாது. அனுமந்தீர்த்தத்தில் ஆற்றுநீரை அளக்கும் கருவி ஒன்றை வைத்து, அது காட்டும் எண்ணைக் கல்லாவி, ஊத்தங்கரை வட்டாரப் பஞ்சாயத்து ஆபீசுகளில் தினமும் பலகையில் எழுதிப் போட வேண்டும். இந்தத் தீர்மானத்தை, மே 1 அன்று கூடும் கிராம சபைகளில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் முன்மொழிய வேண்டும். சிப்காட் தொழிலாளர்களும் லீவு நாளாகையால் ஊரில் இருப்பார்கள், கூட வந்து கை தூக்க வேண்டும்.