ஸ்டிக்கர் ஒட்டினால் ரோடு சொந்தமா?

நம்பர் பிளேட்டைப் பார்த்தால் வண்டி எந்த ஊர் என்று தெரியும். டிஎன் 60 என்றால் எங்க தேனி மாவட்டம். ஆனால் நம்ம ஊரில் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தால்தான் அதன் 'ஜாதகமே' தெரியும். போலீஸ், டாக்டர், பிரஸ், அட்வகேட், தீயணைப்புத் துறை, மின்வாரியம், மனித உரிமை... இதில் ஒன்று ஒட்டியிருந்தால் அந்த வண்டி 'நோ பார்க்கிங்' போர்டுக்கு நேர் கீழேயே நிற்கும். பக்கத்தில் நிற்கும் காய்கறிக்காரரின் டிவிஎஸ் 50ஐ மட்டும் "எடுய்யா" என்று விரட்டுவார்கள்.

போடியில் மட்டும் இல்லை, எந்த ஊரிலும் டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். எல்லோரும் புலம்புகிறோம். ஆனால் இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறதில்லை. பி.காம் படிக்கிறவனுக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது, அதனால் இந்தப் பதிவு :)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்துக்கு ஓடி வருகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. போடிக்காரன் யாருக்கும் இருக்காது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தபோது, மலையேற வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு ராத்திரி போடி ரோடு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். வனத்துறை, தீயணைப்பு, போலீஸ், விமானப்படை ஹெலிகாப்டர் என்று எல்லோரும் வந்தார்கள். அவர்களோடு உள்ளூர் மலைக்கிராமத்து ஜனங்களும் ஓடினார்கள். அவர்கள் யாரிடமும் எந்த ஸ்டிக்கரும் இல்லை என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது?

2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி என்று வரிசைப்படுத்தி முன்னுரிமை கொடுக்கின்றன. உயிரைக் காப்பாற்றப் போகிற அவசரத்தில், சைரனும் சுழல் விளக்கும் போட்டுக்கொண்டு, ஜாக்கிரதையாகச் சிகப்பு சிக்னலையும் தாண்டலாம். வழி விடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. எல்லாம் நியாயம்தான்.

இந்தச் சலுகை யாருக்கு என்று கவனித்தீர்களா? அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற அந்த நேரத்துக்கு. அந்த வேலையைப் பார்க்கிற ஆளுக்கு இல்லை. தீயணைக்கப் போகிற வண்டிக்கு ரோடு முழுக்கச் சொந்தம். அதே தீயணைப்பு வீரர் சாயங்காலம் பரோட்டா வாங்க பைக்கில் வரும்போது, அவரும் நானும் ஒன்று.

சிகப்பு விளக்குக் கதை ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் கார் மேல் சிகப்பு விளக்கு சுழலாத அதிகாரியே கிடையாது. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதைக் கட்டுப்படுத்தியது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அடியோடு எடுத்துவிட்டது. ஜனாதிபதிக்கும் இல்லை, பிரதமருக்கும் இல்லை. அவசர வேலைக்குப் போகும் வண்டிகளுக்கு மட்டும் விளக்கு மிஞ்சியது. மேலே சுழன்ற விளக்கு போனது, ஆனால் கண்ணாடியில் ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் சென்னை போக்குவரத்து போலீஸ் ஓர் அறிவிப்பு விட்டது. சொந்த வண்டிகளில் போலீஸ், ஊடகம், தலைமைச் செயலகம், மின்வாரியம் என்றெல்லாம் அனுமதியில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது, மே 2 முதல் அபராதம் என்றார்கள். உடனே டாக்டர்கள் தரப்பிலிருந்து விலக்கு கேட்டார்கள், ஹைகோர்ட் வரைக்கும் போனார்கள். "அவசரமா ஆபரேஷனுக்குப் போறப்ப நடுவழியில் நிறுத்தினால் என்ன பண்றது?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானது. ஆனால் ஸ்டிக்கர் அதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் அந்த ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். டாக்டரின் மச்சான் காரிலும் அது இருக்கும், அவர் விற்றுவிட்ட பழைய காரிலும் இருக்கும். நூறு பொய் ஸ்டிக்கருக்கு நடுவில் போகிற ஒரு நிஜ டாக்டரை ட்ராபிக் போலீஸ்காரர் எப்படி நம்புவார்? போலி நோட்டு பெருகினால் நல்ல நோட்டையும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் இல்லையா, அதே கதைதான். ஸ்டிக்கர் பெருகியதால் முதல் நஷ்டம் நிஜமான டாக்டருக்குத்தான்.

இன்னொரு தமாஷ். பல வண்டிகளில் ஒட்டியிருக்கும் செஞ்சிலுவைச் சின்னம் டாக்டர்களுக்குச் சொந்தமே இல்லை. 1960ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதே குற்றம். போர்க்களத்தில் சுடக்கூடாது என்று காட்டுவதற்காக வந்த சின்னம். நாம் அதை டோ வண்டி தூக்கக்கூடாது என்று காட்டப் பயன்படுத்துகிறோம்!

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். ராத்திரி ஷிப்டுக்கு வரும் நர்ஸ் அக்கா ஸ்கூட்டியை எங்கே விடுவார்? தேனி மாவட்டத்தில் பாதி ஊர்களில் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கட்டினபோது இத்தனை வண்டிகள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. உள்ளே இடம் இல்லை, அதனால் வெளியே ரோட்டில் விடுகிறார்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாக நடந்து வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கொடுக்காமல், "நீ எங்கேயாவது விட்டுக்கோ, நாங்க கண்டுக்க மாட்டோம்" என்று விடுவதுதான் இப்போது நடக்கிறது. இது நிர்வாகத்துக்கு மிகவும் வசதி. ஒரு பைசா செலவில்லை. செலவை ரோட்டில் போகிற நாம் கட்டுகிறோம்.

எக்னாமிக்ஸ் வகுப்பில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். லாபம் ஒருத்தருக்கு, செலவு ஊருக்கு. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். ஏலக்காய் ஏல நாளில் மலையிலிருந்து மூட்டையோடு ஜீப்புகள் இறங்கி வரும் எங்க ஊர் ரோட்டில், அந்த 12.5 சதுர மீட்டர் என்ன விலை போகும் என்று வியாபாரிகளைக் கேளுங்கள். அங்கே ஒரு ஸ்டிக்கர் கார் காலையிலிருந்து மாலை வரை நின்றால், அதைச் சுற்றி ஜீப், பஸ், ஸ்கூல் வேன் எல்லாம் வளைந்து போக வேண்டும். பின்னால் 108 வந்தால் அதுவும்தான்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏலத் தோட்டத்தில் மரத்திலிருந்து ஒருவர் விழுந்தாலோ, வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப் கவிழ்ந்தாலோ, அந்த வளைவெல்லாம் சுற்றி இறங்கித்தான் போடிக்கு வர வேண்டும். கேஸ் பெரிதென்றால் தேனியையும் தாண்டி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போக வேண்டும். மலையில் போகிற நேரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. ஊருக்குள் போகிற நேரத்தைக் குறைக்கலாம். பார்க்கிங் தடை விதிகளில் சாலைச் சந்திப்பு, வளைவு, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் என்று வரிசையாக இடம் குறிப்பிட்டதே இதற்காகத்தான். அந்த இடத்தில் அவசரப் பணியாளரே தன் சொந்த வண்டியை நிறுத்தினால், அவர் மறிப்பது இன்னொரு அவசரப் பணியாளரை.

"எல்லாம் மனசாட்சி சம்பந்தப்பட்டது சார், சட்டம் போட்டுத் திருத்த முடியாது" என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்களுக்கு நியூயார்க் கதை சொல்கிறேன். அங்கே ஐ.நா. சபைக்கு வரும் வெளிநாட்டுத் தூதர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு. பார்க்கிங் அபராதச் சீட்டு கொடுக்கலாம், வசூலிக்க முடியாது. 1997 முதல் 2002 வரை அவர்கள் கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், தொகை 1.8 கோடி டாலருக்கு மேல். ஆளுக்கு இத்தனை என்று பார்த்ததில் குவைத் முதலிடம். ஸ்வீடன், நார்வே தூதர்கள் ஒன்றைக்கூடக் கட்டாமல் விடவில்லை. ஃபிஸ்மன், மிகெல் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை ஆராய்ச்சி செய்து 2007இல் வெளியிட்டார்கள்.

இதுவரைக்கும் மனசாட்சிக் கட்சிக்குச் சாதகம்தான். ஆனால் 2002 அக்டோபரில், அபராதம் கட்டாவிட்டால் தூதரக நம்பர் பிளேட்டையே பிடுங்குவோம் என்றார்கள். கட்டாத சீட்டுகள் கிட்டத்தட்ட 98 சதவீதம் குறைந்துவிட்டன. ஆட்கள் அதே ஆட்கள், மனசாட்சியும் அதே மனசாட்சி. மாறியது ஒரே ஒரு விதி. (அதே நியூயார்க்கில் உள்ளூர் போலீஸ், அரசு ஊழியர்களின் பார்க்கிங் அனுமதி அட்டைகள் இன்றைக்கும் தலைவலிதான். 2008இல் மேயர் ப்ளூம்பெர்க் குறைக்கச் சொன்னார், பிரச்சினை முடிந்தபாடில்லை. அப்போ வெளிநாட்டுத் தூதரைக்கூடத் திருத்திவிடலாம், உள்ளூர் போலீஸைத் திருத்துவது கஷ்டம் போல!)

ஏன் கஷ்டம்? அபராதப் புத்தகம் அவர்கள் கையில்தானே இருக்கிறது. 2024 மே மாதம் நாங்குநேரி பக்கம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசு பஸ்ஸில் ஏறிய ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். வீடியோ பரவியது. வாரண்ட் இல்லாமல் போனால் காவலரும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு 'நோ பார்க்கிங்', சீட் பெல்ட் இல்லை என்று வரிசையாக அபராதம். கடைசியில் மேலிடம் பேசி, காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்து சமாதானம் ஆனார்கள். சுபம்.

அந்த பஸ்கள் முந்தின வாரமும் அதே இடத்தில்தானே நின்றன? அப்போது அது தப்பில்லையா? கோபம் வந்தால் மட்டும் எடுக்கிற சட்டம், கோபம் இல்லாதபோது சலுகையாகிவிடுகிறது. ஜனங்கள் எரிச்சல்படுவது 500 ரூபாய்க்காக இல்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்களை ஏற்றியபோது நாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். ஆனால் பக்கத்து வண்டிக்குச் சீட்டு எழுதாமல் என் வண்டிக்கு மட்டும் எழுதும்போதுதான், அந்த 500 ரூபாய் அபராதமாகத் தெரியாமல் அவமானமாகத் தெரிகிறது.

சட்டத்தில் இதற்கும் மருந்து இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 2019 திருத்தத்தில் 210 பி என்று ஒரு பிரிவு. மோட்டார் வாகனச் சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பில் இருப்பவரே அதை மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. அருமையான பிரிவு. இதைப் பிரேம் போட்டு ஒவ்வொரு ஊர் ட்ராபிக் பூத்திலும் மாட்டலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என் சிற்றறிவுக்கு எட்டியது:

1. கண்ணாடி ஸ்டிக்கர் மொத்தமாக வேண்டாம். பதிலாக வண்டி நம்பர், இடம், ஷிப்ட் நேரம் அச்சடித்த அனுமதி அட்டை. நேரம் முடிந்தால் அட்டை செல்லாது. மச்சானுக்கும் செல்லாது.

2. ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம் பக்கத்தில் ராத்திரி ஷிப்டுக்கு வருகிறவர்களுக்குக் கோடு போட்டு, விளக்கு வைத்து இடம். பெண்களுக்கு வாசலுக்கு மிக அருகில்.

3. அவசர வாசல், வளைவு, தண்ணீர்க் குழாய் இந்த மூன்று இடத்திலும் எந்த அட்டையும் செல்லாது. கலெக்டர் அட்டையும்.

4. 210 பி பிரிவில் எத்தனை வழக்கு போட்டீர்கள் என்று மாவட்ட போலீஸ் வருஷம் ஒருமுறை வெளியிட வேண்டும். பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று போடட்டும், அதுவும் ஒரு தகவல்தான்.

இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பெயிண்ட் டப்பாவும், கொஞ்சம் ரோஷமும் போதும்.

இதனால் அவசரப் பணியாளர்களின் மரியாதை குறையும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 108 சத்தம் கேட்டால் போடியில் ஆட்டோக்காரர் முதல் மாட்டுவண்டிக்காரர் வரை ஒதுங்குகிறார்கள். யாரும் அபராதத்துக்குப் பயந்து ஒதுங்கவில்லை, உள்ளே இருப்பது நம்ம வீட்டு ஆளாக இருக்கலாம் என்றுதான் ஒதுங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பேக்கரி வாசலில் நிற்கும் ஒவ்வொரு ஸ்டிக்கர் வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. எங்க காமர்ஸ் பாஷையில் சொன்னால், குட்வில். பேலன்ஸ் ஷீட்டில் அது சொத்துப் பக்கம்தான் வரும், ஆனால் தீர்ந்த பிறகு கடையில் போய் வாங்க முடியாது.

உங்க ஊரில் எப்படி? நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழே எந்த ஸ்டிக்கர் அதிகம் நிற்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.