மொத்தத்தை டேபிளில் பூட்டி வைக்க வேண்டாம்

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் பில்லிங், ஸ்டாக், ஃபீஸ் வசூல் என்று சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தருபவர்களிடையே ஓர் அறிவுரை வேரூன்றிவிட்டது. "மெயின் ஃபார்மில் ஆர்டர், சப்ஃபார்மில் பொருட்கள் என்று வைத்தால், அக்சஸ் தானாகக் காட்டும் மொத்தத்தை நம்பாதே. ஆர்டர் டேபிளில் மொத்தத்துக்கென்று ஒரு ஃபீல்டு போடு. சப்ஃபார்மில் எது மாறினாலும் கோடு எழுதி அந்த ஃபீல்டைப் புதுப்பி." புதிதாகக் கற்க வருபவர்களுக்கும் இதையே சொல்லித் தருகிறார்கள். இது தவறான வழி. இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, அக்சஸின் பல பதிப்புகளோடு வந்த நார்த்விண்ட் மாதிரி டேட்டாபேஸையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 10248 என்ற ஆர்டரில் மூன்று வரிகள்: 14.00 விலையில் 12, 9.80 விலையில் 10, 34.80 விலையில் 5. கூட்டினால் 440.00. சரக்குக் கட்டணம் 32.38 சேர்த்தால் 472.38. இந்த 440-ஐ எந்த டேபிளிலும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வரியின் தொகையையும் ஒரு குவெரி கணக்கிடுகிறது. சப்ஃபார்மின் ஃபுட்டரில் உள்ள டெக்ஸ்ட்பாக்ஸ் அவற்றைக் கூட்டுகிறது. மெயின் ஃபார்மில் உள்ள டெக்ஸ்ட்பாக்ஸ் அந்த ஃபுட்டரைப் பார்த்து எண்ணைக் காட்டுகிறது.

முதல் வாதம்: "எண்ணிக்கையை மாற்றினாலும் மொத்தம் மாறுவதில்லை."

முதல் வரியில் 12-ஐ 20 ஆக்கினால் மொத்தம் 552 ஆக வேண்டும். திரையில் 440 அப்படியே நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரியின் இடப்பக்கம் பென்சில் அடையாளம் தெரிகிறதே, அதைப் பாருங்கள். வரி இன்னும் சேமிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். ஃபுட்டரில் உள்ள சம் சேமித்த ரெக்கார்டுகளை மட்டுமே கூட்டும். அடுத்த வரிக்குப் போனாலோ, மெயின் ஃபார்முக்குத் திரும்பினாலோ அக்சஸ் அந்த ரெக்கார்டைச் சேமித்துவிடும், 552-உம் வந்துவிடும். உடனே தெரிந்தாக வேண்டும் என்றால், எண்ணிக்கைக் கட்டத்தின் ஆஃப்டர் அப்டேட் நிகழ்வில் 'மீ.டர்ட்டி = ஃபால்ஸ்' என்று ஒரு கட்டளை எழுதினால் ரெக்கார்டு அங்கேயே சேமிக்கப்படும். ஒரே எச்சரிக்கை: கட்டாயம் நிரப்ப வேண்டிய மற்றொரு ஃபீல்டு காலியாக இருந்தால் அந்தக் கட்டளை பிழை காட்டும். ஆகவே வரியின் கடைசிக் கட்டத்தில் அதை வைப்பது நல்லது. இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது புதிய ஃபீல்டு எதற்கு?

இரண்டாவது வாதம்: "மொத்தம் வரும் இடத்தில் எரர், நேம் என்று ஏதாவது வந்து நிற்கிறது."

இதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, டெக்ஸ்ட்பாக்ஸின் பெயரைக் கொடுத்து சம் போடுவது. சம்முக்கு ஃபார்மின் மூலக் குவெரியில் உள்ள ஃபீல்டுதான் தெரியும். திரையில் உள்ள கட்டம் தெரியாது. விலை, எண்ணிக்கைப் பெருக்கலைக் குவெரிக்குள் கொண்டுபோனால் தீர்ந்தது. இரண்டு, மெயின் ஃபார்மிலிருந்து சப்ஃபார்மை அழைக்கும்போது, சேமித்த ஃபார்மின் பெயரைக் கொடுப்பது. மெயின் ஃபார்மில் அதைத் தாங்கி நிற்கும் கன்ட்ரோலின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்று, புதிய வரி சேர்க்க அனுமதி இல்லாத சப்ஃபார்மில் ரெக்கார்டே இல்லாதபோது எரர் வருவது. அங்கே வெற்று மதிப்புகூட இல்லை. எனவே வெற்று மதிப்பைப் பூஜ்யமாக்கும் என்இசட் ஃபங்ஷனைப் போட்டுப் பயனில்லை. ரெக்கார்டு எண்ணிக்கையை முதலில் சோதித்து, பூஜ்யமானால் 0 காட்டச் சொல்ல வேண்டும். மூன்றுமே ஃபார்ம் வடிவமைப்பில் திருத்த வேண்டியவை. டேபிளில் ஃபீல்டு சேர்த்தால் இவை மறையும், ஆனால் தீராது.

மூன்றாவது வாதம்: "ரீகொயரி போட்டால்தான் புதுப்பிக்கிறது, போட்டால் முதல் ரெக்கார்டுக்குப் போய்விடுகிறது."

தேவையில்லாத இடத்தில் ரீகொயரியைப் பயன்படுத்துவதால் வரும் சிக்கல் இது. ரீகொயரி தரவை மறுபடியும் முழுதாகக் கொண்டுவரும். அதனால்தான் இடம் மாறுகிறது. கணக்கிட்ட கட்டங்களை மட்டும் மறுபடி கணக்கிடச் சொல்லும் ரீகால்க் என்ற கட்டளை இருக்கிறது. ரெக்கார்டு சேமிக்கப்பட்ட பிறகு மெயின் ஃபார்முக்கு ரீகால்க் கொடுத்தால் எண் மாறும். நின்ற இடம் மாறாது.

நான்காவது வாதம்: "கோடு எழுதிவிட்டால் சேமித்த மொத்தம் எப்போதும் சரியாக இருக்கும்."

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. ஃபார்மில் எழுதிய கோடு, அந்த ஃபார்ம் வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டுமே அறியும். அப்டேட் குவெரி ஒன்றை ஓட்டினாலோ, எக்செலிலிருந்து வரிகளை இறக்கினாலோ, யாராவது டேபிளையே திறந்து திருத்தினாலோ அது ஓடாது. நீக்கலைக் கவனியுங்கள். ஒரு வரியை அழித்தபின் மொத்தத்தைக் குறைக்கப் பலரும் ஆஃப்டர் டெல் கன்ஃபர்ம் நிகழ்வையே நம்புகிறார்கள். ரெக்கார்டு மாற்றத்துக்கு உறுதி கேட்கும் அமைப்பை ஒருவர் தன் கணினியில் அணைத்து வைத்திருந்தால் அந்த நிகழ்வே நடக்காது. வரி போய்விடும், பழைய மொத்தம் இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

ரிலேஷனல் முறையை முன்வைத்த எட்கர் காட், 1970-இல் எழுதிய கட்டுரையிலேயே மிகைத் தரவையும் முரண்பாட்டையும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்து ஆராய்ந்தார். ஒரே உண்மையை இரண்டு இடத்தில் வைத்தால் அவை வேறுபடும் வாய்ப்பும் கூடவே வந்துவிடும். வரிகள் 552 என்றும் ஆர்டர் 440 என்றும் சொன்னால், கணக்கர் எதை நம்பி வசூலுக்குப் போவார்?

ஐந்தாவது வாதம்: "ஒவ்வொரு முறையும் கூட்டினால் வேகம் குறையும்."

ஓர் ஆர்டரில் உள்ள சில வரிகளைக் கூட்டுவது அக்சஸுக்கு ஒரு வேலையே அல்ல. ஆர்டர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தால் போதும். உண்மையில் மெதுவாக்குவது, பல ஆர்டர்களைப் பட்டியலிடும் ஃபார்மில் வரிக்கு வரி, டேபிளிலிருந்து கூட்டும் டீசம் ஃபங்ஷனைப் போடுவது. அங்கே டோட்டல்ஸ் குவெரியை இணையுங்கள். அந்தப் பட்டியலில் திருத்த முடியாமல் போகும்; பார்வைக்கான பட்டியலுக்கு அது குறையல்ல.

ஆறாவது வாதம்: "விலை மாறினால் பழைய பில்லின் மொத்தமும் மாறிவிடுமே."

எல்லாவற்றிலும் வலுவான வாதம் இதுதான். ஆனால் இது கேட்பது மொத்தத்தைச் சேமிக்க அல்ல, விற்ற அன்றைய விலையைச் சேமிக்க. நார்த்விண்டின் ஆர்டர் விவர டேபிளில் விலையும் தள்ளுபடியும் வரிக்கு வரி இருப்பது அதற்காகவே. பொருள் டேபிளில் விலை நாளை ஏறினாலும் 10248-இன் வரிகள் மாறா, கூட்டுத்தொகையும் மாறாது. டாக்ஸ் விகிதத்துக்கும் இதே விதிதான்: விற்ற நாளின் விகிதம் அந்தந்த வரியிலேயே இருக்கட்டும்.

சட்டப்படி வழங்கிவிட்ட பில்லின் தொகையை ஆவணமாக உறையவைக்க வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே தொகையை ஒருமுறை எழுதி, பில்லையும் வரிகளையும் பூட்டிவிட வேண்டும். புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்கு அங்கேயும் இடமில்லை. வேறு காரணத்தால் மாறும் மொத்தத்தைச் சேமித்தே ஆக வேண்டுமென்றால், ஃபார்மை விட்டு டேபிளுக்கு வாருங்கள். அக்சஸ் 2010 முதல் வரும் டேட்டா மேக்ரோ, எந்த வழியாக ரெக்கார்டு சேர்ந்தாலும் மாறினாலும் நீங்கினாலும் ஓடும். அதே பதிப்பில் வந்த கால்குலேட்டட் ஃபீல்டு இதற்கு உதவாது; அதற்குத் தன் டேபிளின் அதே ரெக்கார்டுக்கு வெளியே எதுவும் தெரியாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் டேபிளில் மொத்தத்துக்கென ஒரு ஃபீல்டு இருந்தால், இன்றே ஒரு குவெரி எழுதி அதை வரிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் ரெக்கார்டு ஒன்று கிடைத்தாலும், அந்த ஃபீல்டை நீக்கிவிட்டுக் கூட்டலை ஃபுட்டரிடமே ஒப்படையுங்கள். கற்பிப்பவர்கள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.