கண்டனம் எனும் சொல்

"வன்மையாகக் கண்டிக்கிறோம்!" என்று முழங்காத மேடையுண்டா? முழங்கியதும் கடமை முடிந்ததெனக் கலைந்து செல்கிறோம். தோழர்களே, அச்சொல்லின் பொருள் யாது?

கண்டனம் வடசொல். உடைத்தல், துண்டாக்கல் என்பது அதன் முதற்பொருள். வாதப் போரில் எதிரியின் கூற்றைக் காரணங்காட்டி முறிப்பதற்குப் பின்னர் அப்பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டுச் சமயப் பூசல்களிலே தமிழில் கண்டன நூல்கள் குவிந்ததும் அப்பொருளில்தான். இன்றோ, முறிக்கும் வேலை மறைந்து சினம் மட்டும் எஞ்சிற்று.

தமிழ் தரும் சொல் இடித்துரைத்தல். இடித்துரைக்கத் துணையற்ற அரசன் பகைவரின்றியே அழிவான் என்பது வள்ளுவர் கருத்து. இடித்தல் உலக்கையின் தொழிலுமாகும்; ஒரே குத்தில் நெல் அரிசியாகுமா?

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து கரிந்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பின்னர் உயர்நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பதை நம்ப மறுத்தது. செல்வம் குற்றமின்மைக்குச் சான்றாகுமா? இந்தக் கூற்றைத் தூள்தூளாக்குவதன்றோ கண்டனம்! சினமொழி சாம்பலோடு ஆறிவிடும். உடைபடாத வாதமோ ஏட்டில் நிலைத்துவிடும்.

சினம் வேண்டாம் என்கிறோமில்லை. சினத்தின் கையிலே சான்றும் காரணமும் இருக்கட்டும் என்கிறோம். இனிக் கண்டனத் தீர்மானம் எழுதியதும், கையொப்பமிடுமுன் நம்மை நாமே கேட்போம்: இதனால் எதை உடைத்தோம்?