முடியில்லா நாய்க்கு என்ன பேரு வைக்கலாம்?

சேரப்பணஞ்சேரித் தெருவுல நின்னு "மணி"ன்னு கூப்பிட்டுப் பாருங்க, நாலு நாய் திரும்பும். மிச்சமெல்லாம் டாமி, ஜிம்மி. வெள்ளைக்காரன் 1947-லயே போயிட்டான், நாய்ப் பேரு மட்டும் போகலை :-)

மெக்சிகோவுல முடியே இல்லாத ஒரு நாய் இனம் இருக்கு: சோலோயிட்ஸ்குவின்ட்லி. வாய்ல நுழையலைதான். ஆனா அது அங்கத்திய ஆதிகுடிகளோட நாவாட்டில் மொழி. சோலோட்ல்ங்கிறது சாமி, இட்ஸ்குவின்ட்லின்னா நாய். ஸ்பானியர்கள் 1521-ல தலைநகரத்தையே பிடிச்சாங்க. பேரு இன்னும் நிக்குது. செத்தவங்களுக்கு மறுவுலகத்துக்கு வழிகாட்டுற நாய்னு நம்பிக்கை. 2017-ல வந்த 'கோகோ' படத்துல இந்த நாய்க்கு டான்டேன்னு பேரு. மறுவுலகப் பயணத்தைப் பாடின இத்தாலியக் கவிஞரோட பேரும் அதுதான்.

நம்மகிட்டயும் இதே கதை இருக்கே! தருமர்கூடக் கடைசி வரைக்கும் நடந்தது ஒரு நாய்தான். வைரவருக்கு வாகனமும் அதுதான். அதனால இந்த இனத்தை யாராவது வளர்த்தா 'மொட்டை'ன்னு கேலியா வைக்காதீங்க. என் ஓட்டு 'வைரவன்'.

சாமி பேரை நாய்க்கு வைக்கலாமான்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: சோலோட்லும் சாமிதானே, அவங்க வைக்கலையா? செல்லமா 'வைரா'ன்னு கூப்பிடுங்க. ரெண்டே எழுத்து, தெருமுனை வரைக்கும் கேக்கும்.

இதைவிட நல்ல பேரு தோணினா சொல்லுங்க மக்களே. டாமி மட்டும் வேணாம்!