மைல் சொல்லாத தூரம்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் தூரம் எவ்வளவு என்று வினவினால், மைலிற் சொல்வாரும் உளர். மணிக்கணக்கிற் சொல்வாரும் உளர். தரையிலே இவ்விரு கணக்கும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும். சமுத்திர நடுவிலுள்ள தீவுகளிலோ நிலைமை வேறு. பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஹொனலூலு, குவாம் என்னும் இரு விமான நிலையங்களை உதாரணமாகக் கொள்வோம்.

இவற்றிடையே நேர்த்தூரம் ஏறக்குறைய 3,800 மைல். 1935 ஆம் ஆண்டு நவம்பரிலே ‘சைனா கிளிப்பர்’ என்னும் கடல் விமானம் முதன்முதலாக இவ்வழியே தபால் கொண்டு சென்றது. மிட்வே, வேக் என்னும் சிறு தீவுகளில் இராத் தங்கி, மூன்று நாட் பறப்பின் பின்னரே அது குவாமை அடைந்தது. இன்றைய ஜெட் விமானம் இடையில் நில்லாது எட்டு மணி நேரமளவிற் சென்றுவிடுகிறது. திரும்பும்போது, மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்றுப் பின்னின்று தள்ளுவதால், ஒரு மணி நேரமளவு மிச்சமாகும்.

கடிகாரம் காட்டும் விந்தை இதனினும் பெரிது. இடையிலே சர்வதேசத் திகதிக்கோடு கிடப்பதால், குவாமின் நேரம் ஹொனலூலுவின் நேரத்துக்கு 20 மணி முந்தியது. செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்குக் குவாமிற் புறப்பட்டு ஏழு மணி நேரம் பறந்தவர், திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஹொனலூலுவில் இறங்குவார்!

இதே நிலையங்களுக்கிடையே வேறொரு சேவையும் உண்டு. 1968 இல் தொடங்கிய அவ்வழியிற் செல்லும் விமானம் மஜூரோ, குவாஜலின், கொஸ்ராய், பொன்பே, சூக் ஆகிய தீவுகளில் இறங்கி இறங்கிச் செல்லும். பயணம் பதினைந்து மணி நேரமளவு நீளும். அதுவும் வாரத்திற் சில நாட்களே. மஜூரோவின் ஓடுபாதை ஒடுங்கிய பவளத் திட்டொன்றிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்தது. வழியிற் பழுது நேர்ந்தால் திருத்துவதற்கென ஒரு பொறிவல்லுநரும் உதிரிப் பாகங்களும் விமானத்துடனேயே செல்வது வழக்கம்.

அவசரக்காரர் இதனை வீண் சுற்றென்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. எட்டு மணி நேர விமானம் அத்தீவுகளில் நில்லாமலே போய்விடுகிறது. கொஸ்ராயிலே மேல் வைத்தியத்துக்குப் புறப்படக் காத்திருக்கும் நோயாளிக்கு 3,800 மைல் என்பதிற் பொருளில்லை. அடுத்த விமானம் என்று வரும் என்பதே அவருக்குத் தூரம். 2020 இல் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி அந்நாடுகள் தம் எல்லைகளை மூடியபோது, அவற்றின் மக்கள் பலர் வீடு திரும்ப இயலாது ஹவாயிலும் குவாமிலும் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. மைல் ஒன்றேனும் கூடவில்லை. ஆயினும் ஊர் எட்டாத் தூரமாயிற்று.

விமானத்தின் வேகத்தைப் புகழ்வோம்; தவறில்லை. அது யாருடைய வாசலில் நின்று செல்கிறது என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்போமாக.