காவிரித் தீர்ப்பை முசிறியில் யார் வாசிப்பது?

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொல்லியிருந்த 192 டிஎம்சி, அன்றோடு 177.25 டிஎம்சி ஆனது. 14.75 டிஎம்சி குறைந்துவிட்டது. அதில் 10 டிஎம்சிக்குச் சொல்லப்பட்ட காரணம், காவிரிப் படுகையில் தமிழ்நாட்டுக்கு உள்ள நிலத்தடி நீர். மீதி 4.75 டிஎம்சி பெங்களூரு நகரத்தின் குடிநீருக்கு. திருச்சி மாவட்டத்து முசிறி ஆற்றங்கரையில் வாழையும் நெல்லும் கோரையும் போடுகிறவர்களின் பிழைப்பைத் தொடுகிற இந்த முடிவு, நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையிலான 1892, 1924 ஒப்பந்தங்கள் எந்தச் சூழலில் கையெழுத்தாயின என்பது வரலாறு. ஒரு மாநிலம் ஆற்றுநீருக்கு முழு உரிமை கொண்டாட முடியுமா என்பது அரசியல் அறிவியல். படுகையும் நிலத்தடி நீரும் புவியியல். பாசனத்துக்கா, பெருநகரத்தின் குடிநீருக்கா என்பதில் பாதி பொருளியல். இத்தனையும் ஒரே தீர்ப்பில் பின்னிக் கிடக்கின்றன. அதைப் படித்து, எந்த வாதம் நிற்கிறது, எது நொண்டுகிறது என்று சொல்வதற்கான பயிற்சியை நம் பள்ளிகளில் ஏதாவது ஒரு பிரிவு கொடுக்க முடியுமென்றால், அது பிளஸ் 2 கலைப் பிரிவுதான். அந்தப் பிரிவைத்தான் நாம் மதிப்பெண் குறைந்தவர்களின் ஒதுக்கிடமாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அதற்கு முன் பி.யு.சி. என்ற பெயரில் கல்லூரிக்குள் இருந்த படிப்பு பள்ளிக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளை நகரத்துக்குப் போகாமலே 12-ஆம் வகுப்பு வரை படிக்கலாம் என்ற நிலையை உருவாக்கிய பெரிய காரியம் அது. ஆனால் கூடவே ஒரு படிநிலையும் வேரூன்றியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் இவன் ஃபர்ஸ்ட் குரூப், இவள் காமர்ஸ், மிச்சம் இருப்பவர்கள் ஆர்ட்ஸ் குரூப் என்று பிரித்து உட்காரவைப்பது பழக்கமாகிவிட்டது. வரலாறு பிடிக்கும் என்பதற்காக அதைக் கேட்டு வாங்குகிற நல்ல மதிப்பெண் பெற்ற மாணவியை, ஏதோ தவறு செய்யப் போகிறவளைப் போலத் தடுப்பவர்கள்தான் அதிகம். ஆங்கிலத்தின் நிலையும் இதற்குச் சளைத்ததல்ல. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப் பாடங்களுக்கு அதில் இடமே இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்குத் தரவரிசை போடும்போதுதான் பிளஸ் 2 ஆங்கில மதிப்பெண்ணுக்குத் தனி எடை கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அது தேறினால் போதும் என்கிற தாள். 35 எடுப்பதற்கு எத்தனை பத்திகள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கணக்குப் பார்க்க, ‘மெல்லக் கற்போர்’ கையேடுகள் உதவுகின்றன.

பாடநூலின் மீது குற்றம் சொல்ல முடியாது. மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் 2018 முதல் வந்த மேல்நிலை ஆங்கில நூல்கள் நல்ல தேர்வுகளைக் கொண்டவை. பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.ஜி.கார்டினரின் சாலை விதி பற்றிய கட்டுரை இருக்கிறது. சுதந்திரம் வந்துவிட்டதென்று தெருவின் நடுவே நடந்து போகிற ஒரு மூதாட்டியிலிருந்து தொடங்கி, தனிமனிதச் சுதந்திரம் எங்கே முடிகிறது, சமூகத்தின் உரிமை எங்கே ஆரம்பிக்கிறது என்று போகிற கட்டுரை. அரசியல் அறிவியல் பாடத்தில் சுதந்திரம் என்ற கருத்தைப் படிக்கிற மாணவர் இந்தக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு பாடமும் துலங்கும். அதே நூலில் கி.ராஜநாராயணனின் ‘நாற்காலி’ ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் பெருமையோடு செய்து போட்ட நாற்காலி, ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்காரவைக்க இரவல் போகத் தொடங்க, வீட்டுக்காரர்களே அதில் உட்காரப் பயப்படுகிற கதை. ஒரு கிராமத்தில் நாற்காலி என்பது யாருக்கு, அந்தஸ்து என்பது எந்தப் பொருளில் வந்து உட்காருகிறது, சிரிப்பு எந்த இடத்தில் அச்சமாக மாறுகிறது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். தேர்விலோ இந்தப் பாடங்களிலிருந்து வரும் பத்தி வினாவுக்கு ஐந்து மதிப்பெண். விடை நோட்ஸில் தயாராக இருக்கிறது. அதை அப்படியே எழுதியவருக்கும், தானே யோசித்துத் தடுமாறி எழுதியவருக்கும் இடையில் முன்னவர்தான் ஜெயிக்கிறார். படிக்கிற பிள்ளை இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

வேறு இடங்களில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 16 வயதுக்குப் பிறகான இரண்டாண்டுப் படிப்பில் ஆங்கில இலக்கியம் ஒரு முழுப் பாடம். ஒரு நாவலையும் ஷேக்ஸ்பியர் நாடகத்தையும் முழுதாகப் படித்து, தன் கருத்தை நீண்ட கட்டுரையாக வாதிட்டு எழுத வேண்டும். இங்கிலாந்துவரை போவானேன்? இலங்கையில் உயர்தரக் கலைப் பிரிவில் தமிழ் மாணவர்கள் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரலாறு, அரசியல் விஞ்ஞானம், அளவையியலும் விஞ்ஞானமுறையும், தமிழ், ஆங்கிலம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கேரள மேல்நிலைப் பள்ளிகளின் கலைப் பிரிவுகளில் உளவியலும் இதழியலும் ஆங்கில இலக்கியமும் விருப்பப் பாடங்களாக உள்ளன. நம்மிடம் சிறப்புத் தமிழும் தொடர்பு ஆங்கிலமும் பாடப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, ஊர்ப் பள்ளியில் கிடைப்பது வேறு. என் வாதம் இதுதான்: வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் ஆகியவற்றோடு ஆங்கில இலக்கியத்தை நான்காவது முதன்மைப் பாடமாகக் கொண்ட ஒரு பிரிவு, முசிறி போன்ற வட்டத் தலைநகர்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேண்டும்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி, அலட்சியமாகப் பதில் சொல்லக்கூடாது. திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கே இளநிலைச் சட்டம் படிக்க, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். பெரும்பாலானவை நீண்ட உரைப்பகுதியைப் படித்துவிட்டு அதற்குள்ளிருந்து விடை காண வேண்டியவை. இயற்பியலும் வேதியியலும் அங்கே கேட்கப்படுவதில்லை. வேகமாகவும் கூர்மையாகவும் ஆங்கிலம் வாசிக்கும் பழக்கம்தான் பெரிதும் சோதிக்கப்படுகிறது. முசிறியிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் நம் அரசுப் பள்ளி மாணவர் நுழைய, இரண்டாண்டு உண்மையான வாசிப்பு வேண்டும். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதப் பயிற்சி வகுப்பு அதை ஈடு செய்யாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021-இல் பொறியியல், வேளாண்மையோடு மாநிலத்தின் சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சட்டக் கல்லூரிக்குள் போன பிறகு மாணவரைக் காப்பாற்றப் போவதும் இதே வாசிப்புதான். குடிமைப் பணித் தேர்வின் கட்டுரைத் தாளும் பொது அறிவுத் தாள்களும் பெரும்பாலும் கலைப் பிரிவின் களத்தில்தான் நடக்கின்றன என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

தமிழ் என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழில் கொடு என்று கேட்பதை விட்டுவிட்டு ஆங்கிலம் படி என்பதா என்றும் கேட்பார்கள். தீர்ப்பு தமிழில் வர வேண்டும், உயர் நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதைத் தமிழாக்கம் செய்வது யார்? சட்ட ஆங்கிலத்தின் நுட்பமும் நல்ல தமிழும் ஒருங்கே கைவந்தவர்கள் அல்லவா? 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியபோது, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இந்த மாநிலம் உலகத்துக்குச் சொன்னது. போதும் என்று சொன்ன இரண்டையும் ஆழமாகக் கற்பிப்பது அந்தக் கொள்கையின் கடன். முசிறியின் அரசு கலைக் கல்லூரி பேரறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை பதினொன்றாம் வகுப்பு ஆங்கில நூலில் பாடமாக இருக்கிறது. தமிழுக்காகப் போராடிய அவர் ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றவர் அல்ல. சிறப்புத் தமிழையும் ஆங்கில இலக்கியத்தையும் ஒரே மாணவர் எடுக்க வழி இருந்தால் இரண்டுமே வளரும்.

முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரம் என்ற வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அக்கறையின் உடை உடுத்தி வரும் ஏளனம் அது. ராமேசுவரத்திலிருந்து 1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு இன்டர்மீடியட் படிக்க வந்த அப்துல் கலாம், அங்கே கடைசி ஆண்டில் தமக்கு ஆங்கில இலக்கியத்தில் சுவை பிறந்ததையும், டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரை விரும்பிப் படித்ததையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். படித்தது இயற்பியல். அதே கல்லூரியில் இயற்பியல் படித்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்தான் பின்னாளில் சுஜாதா. சூழலும் நூலகமும் ஆசிரியரும் அமைந்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் வாசிக்கும். இவை திருச்சி நகரத்துக்கு வாய்த்தன. 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு வாய்க்கவில்லை என்பதற்காக மாணவரின் தகுதியைக் குறை சொல்வது அநியாயம்.

மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் பற்றாக்குறையும் நிஜமான தடைகள். ஐந்தாறு பேருக்காக ஒரு பிரிவை நடத்த முடியாது என்று பள்ளிகள் சொல்வதில் பொருள் உண்டு. அதற்காக ஒவ்வொரு பள்ளியிலும் தொடங்கச் சொல்லவில்லை. முசிறி, தொட்டியம், தா.பேட்டைப் பகுதி மாணவர்களுக்கு ஒரு மையப் பள்ளி போதும், இலவசப் பேருந்துப் பயண அட்டை இருக்கிறது. அண்ணா கலைக் கல்லூரியின் ஆசிரியர்கள் வாரத்தில் சில பாடவேளை வந்து உதவலாம். மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு நீங்கியிருப்பது இதற்கு நல்ல வாய்ப்பு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு நேரே பன்னிரண்டுக்குப் போகும் பழக்கத்தைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு 2017-18-இல் கொண்டுவரப்பட்டது. பழைய பழக்கம் திரும்பாமல், அந்த ஓராண்டை முழு நூல்களை வாசிக்கவும் எழுதிப் பழகவும் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து, அதை ஏற்றோ மறுத்தோ எழுதச் சொல்லும் வினாவுக்குக் கணிசமான மதிப்பெண் தர வேண்டும். அடுத்த பிளஸ் 1 சேர்க்கைக்கு முன்பே பள்ளிக் கல்வித் துறை முசிறியில் இப்படி ஒரு பிரிவைத் தொடங்கும் அரசாணையை வெளியிடட்டும். வரலாறு படிக்க வேண்டும் என்று கேட்கிற மகளைப் பெற்றோர் தடுக்காமல் சேர்த்துவிடட்டும்.